ஆறடி மூன்று அங்குலம்

மூன்றாவது தடவையும் சின்னான் பெட்டிக்குள் அடங்கவில்லை. தலையை மேல்முனையில் ஒட்டி வைத்தால் கால்கள் இரண்டும் கீழ்முனைப் பலகையின் விளிம்பில் ஏறி நின்றன. கால்களைப் பிடித்து உள்ளே அழுத்தினால் தலை மேலே ஏறி, எழுந்து உட்காரப் போகிறவன் மாதிரி எல்லாரையும் பார்த்தது. தூக்கிய நாலு பேரும் வேர்த்து விறுவிறுத்துப்போய் அவனை மறுபடியும் பாயில் கிடத்தினார்கள். பூவாத்தாள் சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிகாலையில்தான் அவளுடைய புருஷனுக்கு மூச்சு நின்றது. பொழுது பத்து மணிகூட ஆகவில்லை, அதற்குள் அவனை வைத்து இப்படி ஒரு மல்லுக்கட்டு.

பெட்டி சபையினுடையது. சிங்காநல்லூருக்கு வெளியே ஒதுக்கி வைத்திருந்த வளவில் வேதத்தில் சேர்ந்த முப்பது குடும்பத்துக்கும் அது ஒன்றுதான். எந்தக் காலத்திலோ ஒரு துரை செய்து கொடுத்துவிட்டுப் போனது. கறுப்புச் சாயம், மூடியில் வெள்ளைச் சிலுவை. யார் செத்தாலும் அதில் வைத்துத் தூக்கிப் போவார்கள். குழிக்கரையில் ஆளை வெளியே எடுத்துப் பாயோடு மண்ணுக்குள் இறக்குவார்கள். பெட்டி வேதக்கோயிலுக்குத் திரும்பி வந்து, அடுத்த ஆளுக்காக மூலையில் காத்திருக்கும். அதன் நீளம் ஐந்தரை அடி. களியும் கூழும் சாப்பிடுகிற ஜனம் இதற்கு மேல் எங்கே வளரப் போகிறது என்று அந்தத் துரை நினைத்திருப்பார்.

சின்னான் ஆறடி மூன்று அங்குலம். பெயர் வைத்த பெற்றோருக்கே அது பிற்பாடு சிரிப்பாகிப் போனது.

சபையில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் கெட்ட மனுஷர் இல்லை. முந்தின நாள் ராத்திரி பூராவும் பக்கத்தில் உட்கார்ந்து சங்கீதம் வாசித்தவர். அவர்தான் மெதுவாக அந்தப் பேச்சை எடுத்தார். முழங்காலை மடக்கி, கொஞ்சம் ஒருக்களித்து வைத்துவிட்டால் சரியாகப் போய்விடும் என்றார். வெந்நீர் விட்டு விளக்கெண்ணெய் போட்டு நீவினால் எந்தக் காலும் வழிக்கு வரும், இதற்கு முன்னேயும் ஒன்றிரண்டு பேருக்கு அப்படிச் செய்திருக்கிறது என்று கூட நின்றவர்களும் சொன்னார்கள். வலது முழங்கால் மூன்று வருஷமாகவே மடங்காத கால். அதை என்ன செய்வது என்று ஒருத்தர் கேட்டார். பதில் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். உயிரில்லாத காலை முறித்தால் வலிக்கவா போகிறது.

சின்னானின் அண்ணன் மாசாணம் வாசலில் நின்று பொழுதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிலக்காரரான பண்ணாடி ஈஸ்வரமூர்த்தியின் தோட்டத்துக் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற, கவலை ஓட்டுகிற ஆள். உச்சிக்குள் முடித்துவிட்டு வா, சாயங்காலம் கரும்புக்குத் தண்ணி பாய வேண்டும் என்று பண்ணாடி சொல்லி அனுப்பியிருந்தார். தம்பி செத்ததற்கு அரை நாள்.

"மடக்கிரலாம் அம்மணி," என்றான் மாசாணம். "வெயில் ஏறுதில்ல."

பூவாத்தாள் எழுந்து வந்து பாய்க்கும் பெட்டிக்கும் நடுவில் நின்றுகொண்டாள். காலையிலிருந்து அவள் சத்தம் போட்டு அழவில்லை என்று வளவில் ஏற்கெனவே முணுமுணுப்பு.

"மடக்கக் கூடாதுங் மாமா," என்றாள். "யாராச்சும் அந்தக் கால்ல கை வெச்சீங்கன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்."

வெந்நீர் கொண்டுவந்தவள் குண்டாவோடு திரும்பிப் போய்விட்டாள்.

அந்தக் காலுக்கு ஒரு கதை இருந்தது. கோயமுத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னான் படித்தபோது, மெட்ராஸில் ட்ரில் படித்துவிட்டு ஒரு வாத்தியார் வந்தார். அவர்தான் மைதானத்தில் ரெண்டு தென்னங்கட்டையை நட்டு, உச்சியில் சந்தையில் வாங்கிய மூங்கில் கூடைகளைக் கட்டினார். கூடைக்குள் பந்தைப் போட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் கூடைக்கு அடி இருந்தது. ஒவ்வொரு தடவை பந்து விழுந்ததும் ஆட்டத்தை நிறுத்தி, ஏணி வைத்து ஏறி, பந்தை எடுத்து வர வேண்டும். சின்னான் ரெண்டு நாள் இந்தக் கூத்தைப் பார்த்தான். மூன்றாம் நாள் ஓடிவந்து எம்பி, கூடையின் அடியில் ஒரு குத்து விட்டான். பந்து எகிறி வெளியே விழுந்தது. வாத்தியார் ஏணியை அன்றைக்கே ஆபீஸ் ரூமுக்குப் பின்னால் போட்டுவிட்டார். இவன் இருக்கும்வரை ஏணி வேண்டாம் என்றாராம். அதைச் சின்னான் கல்யாணமான புதிதில் பூவாத்தாளிடம் குறைந்தது நூறு தடவை சொல்லியிருப்பான்.

படிப்பு முடிந்த கையோடு மில் அவனைக் கூட்டிக்கொண்டு போனது. முதலாளி மகனுக்கு மெட்ராஸ் காலேஜில் இந்த ஆட்டத்தின் மேல் மோகம் வந்து, மில்லுக்கென்று ஒரு டீம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். சின்னானை ஃபிட்டர் ஹெல்பர் என்று எழுதிக்கொண்டார்கள். ஸ்பேனர் பிடிக்கக்கூட அவனை யாரும் கூப்பிடவில்லை. காலையில் ஒரு மணி நேரம் ஓட்டம், சாயங்காலம் மூன்று மணி நேரம் பந்து. அதற்குத்தான் சம்பளம். அதே மில்லில், ரீலிங்கில் பூவாத்தாளோடு நூல் சுற்றுகிற பெண்கள் அவளை இதைச் சொல்லியே கிண்டல் பண்ணுவார்கள்.

"ஏம்புள்ள, உன்ற ஊட்டுக்காரரு வேலைக்குப் போறாரா, வெளையாடப் போறாரா?" என்பாள் பாப்பாயி. பாப்பாயி அடுத்த வரிசையில் நூல் சுற்றுகிறவள். நாக்கு கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெரிசு.

"உன்ற ஊட்டுக்காரருக்கு அப்படி ஒரு வேலை கெடைக்குமான்னு கேட்டுச் சொல்லு," என்பாள் பூவாத்தாள். அந்தக் காலத்தில் அவளுக்கு அவ்வளவு திமிர்.

திமிருக்குக் காரணம் இருந்தது. அப்போதெல்லாம் ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்தை நடுமைதானத்துக்குக் கொண்டுவந்து மேலே எறிவார்கள். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஆள் எம்புவான். யார் கை முதலில் படுகிறதோ பந்து அந்தக் கட்சிக்கு. அந்த நடு இடம் சின்னானுடையது. பந்து மேலே போய் நிற்கிற அந்த ஒரு நொடியில் அவன் கை அங்கே இருக்கும். மெட்ராஸ், பெங்களூர், திருச்சி என்று ரயிலேறிப் போனார்கள். வெள்ளிக் கோப்பைகள் மில் ஆபீஸ் அலமாரியில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. அலமாரி இருந்த அறைக்குள் மட்டும் சின்னானுக்குப் போக வழியில்லை. அவனுக்கு ஜன்னல் வழியாகக் காட்டினார்கள்.

தண்ணீர்க் கதையும் உண்டு. பாதி ஆட்டத்தில் மற்ற நாலு பேரும் சொம்பில் குடிப்பார்கள். சின்னான் ஓரமாய்ப் போய் ரெண்டு கையையும் குவித்துக் குனிந்து நிற்க வேண்டும். மேலிருந்து ஊற்றுவார்கள். முதல் வருஷத்தோடு அவன் அதை விட்டுவிட்டான். ஆட்டம் முழுக்கத் தொண்டை வறள ஆடிவிட்டு, வெளியே வந்து தெருக்குழாயில் குடிப்பான். ஏன் என்று பூவாத்தாள் கேட்டதற்கு, நடுவில் குடித்தால் மூச்சுப் பிடிக்கிறது என்றான். அவளும் ரொம்ப நாள் அதை நம்பினாள்.

ஒரு வருஷம் பெரிய கோப்பை ஒன்றை ஜெயித்து வந்தபோது போட்டோ எடுத்தார்கள். முதலாளி நாற்காலியில், பக்கத்தில் அவர் மகன், பின்னால் ஐந்து பேர். போட்டோக்காரர் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, அந்த உசரமானவன் கொஞ்சம் குனியட்டும் என்றார். சின்னான் குனியவில்லை. மறுபடியும் சொன்னார். மேனேஜரும் சொன்னார். சின்னான் நேராக மெஷினைப் பார்த்துக்கொண்டே நின்றான். முதலாளிக்கு வெயில் தாங்கவில்லை, எடுத்துத் தொலை என்றார். அந்தப் போட்டோ இன்றைக்கும் மில் ஆபீஸில் மாட்டியிருக்கிறது. எல்லாருக்கும் தலை இருக்கிறது. பின்வரிசை நடுவில் பந்தை வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கு மட்டும் கழுத்தோடு படம் முடிந்துவிட்டது.

"தலை போனாப் போகுது புள்ள," என்றான் அன்று ராத்திரி. "குனிஞ்சிருந்தா மூஞ்சி விழுந்திருக்கும். அந்த மூஞ்சிய நான் என்னத்துக்குப் பாக்கறது?"

அப்புறம் முழங்கால். மூன்று வருஷத்துக்கு முந்தி, ஒரு ஆட்டத்தில் எம்பி இறங்கும்போது கருங்கல் சல்லியில் கால் பிசகிப் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. நாலு நாளில் ஃபைனல். துணியை இறுக்கிச் சுற்றி ஆடச் சொன்னார்கள். ஆடினான், ஜெயித்தான். அதற்குப் பிறகு அந்தக் கால் மடங்கவே இல்லை. ஒரு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மில் அவனைப் பஞ்சு அடிக்கிற ப்ளோ ரூமுக்கு மாற்றியது. அங்கே எதிரில் நிற்கிற ஆள் தெரியாத அளவுக்குத் தூசி பறக்கும். மூன்று வருஷம் அதைச் சுவாசித்தான். கடைசி ஆறு மாசம் இருமலைத் தவிர வேறு வேலை இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம், சித்திரை மாசம், முப்பது வயதில் முடிந்துபோனான்.

இத்தனையும் பூவாத்தாளின் மனசில் ஓடியது. வெளியே அவள் சொன்னது ஒன்றே ஒன்று. நீளமாக வேறு ஏற்பாடு செய்யலாம்.

என்ன ஏற்பாடு என்று கேட்டார் உபதேசியார். மூங்கிலில் பாடை கட்டினால் கோயில் மணி அடிக்காது, ஜெபம் கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது. அது மிஷன் சட்டம். புதுப்பெட்டி செய்ய ஆசாரிக்கு ரெண்டு நாள் ஆகும். இந்த வெயிலில் உடம்பு சாயங்காலம் வரைக்குமே தாங்காது. கட்டிலில் தூக்கலாம் என்றால் வளவில் எவர் வீட்டிலும் கட்டில் இல்லை. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கூட்டம் மறுபடியும் காலைப் பார்க்க ஆரம்பித்தது.

பூவாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒரு மணி நேரம் பொறுக்கச் சொன்னாள். மாசாணத்தைத் தம்பியின் கால்மாட்டில் உட்கார வைத்து, யாரையும் கிட்ட விடக்கூடாது என்று சொல்லிவிட்டு மில்லைப் பார்க்க நடந்தாள்.

மில் மைதானத்தில் இப்போது யாரும் பந்து ஆடுவதில்லை. முதலாளி மகனுக்கு டென்னிஸ் பிடித்துப்போய்விட்டது. கம்பங்கள் மட்டும் நின்றன. ஒரு கம்பத்தில் வளையத்துக்குப் பின்னால் இருந்த, பந்து மோதுகிற பலகையைப் போன வருஷமே யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இன்னொன்று அப்படியே இருந்தது. ஆறடிக்கு நாலடி, ஒரு அங்குல தேக்கு, வெள்ளைச் சாயம் உரிந்துபோய், பந்து பட்ட செம்மண் தடங்களோடு. தினமும் சோற்றுப் போசியோடு அதன் அடியில் நடந்துபோகிறவள் பூவாத்தாள். அதன் அளவு அவளுக்குத் தெரியும். சின்னானே சொல்லியிருக்கிறான். படுத்தால் குதிகால் வெளியே நீட்டும் என்று சிரித்திருக்கிறான்.

ஸ்டோர் ரூம் ஜன்னலில் தம்பிதுரை இருந்தார். டீமில் கேப்டனாக இருந்தவர், ஆட்டம் நின்ற பிறகு ஸ்டோருக்குப் பொறுப்பாளர் ஆனவர். நிலம் நீச்சு உள்ள குடும்பம். ஐந்து வருஷம் சின்னான் பக்கத்தில் ஆடியவர். காலையிலேயே சேதி தெரிந்திருக்கும். வரவில்லை. வளவுக்குள் அவர் எப்படி வருவார்.

அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டு முடித்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, மேனேஜர் ஊட்டிக்குப் போயிருக்கிறார், அவர் உத்தரவு இல்லாமல் மில் சாமான் ஒரு துரும்பும் வெளியே போகக்கூடாது, நீ எடுத்தாலும் நாளைக்கு உன் வேலை இருக்காது, என் பேரும் கெடும் என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, நீங்க கேட்டப்பெல்லாம் அவரு பந்து குடுத்தாருங்களே," என்றாள் பூவாத்தாள். "ஒரு தடவையாச்சும் மேனேஜரக் கேட்டுப்போட்டா குடுத்தாருங்க?"

உள்ளே மெஷின்கள் ஓடுகிற சத்தம் தரையில் அதிர்ந்துகொண்டிருந்தது. தம்பிதுரை சுவரில் மாட்டியிருந்த பெரிய ஸ்பேனரை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார். அப்புறம் ஒரு மண்ணெண்ணெய் டப்பாவையும் வைத்தார்.

"மேல் போல்ட்டு ரெண்டும் துருப்புடிச்சிருக்கும். எண்ணெ ஊத்திக் கொஞ்சம் பொறுக்கோணும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி, ஏற்கெனவே அடுக்கியிருந்த நூல் சுற்றும் பாபின் கூடைகளை மறுபடியும் அடுக்க ஆரம்பித்தார்.

அவர் சாவுக்கு வருவாரா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

பதினோரு மணிச் சங்கு ஊதி, ஷிப்ட் முடிந்து ரீலிங் பெண்கள் வெளியே வந்தபோது, பூவாத்தாள் தனியாக ஏணியை இழுத்துக்கொண்டு மைதானத்தில் நடந்துகொண்டிருந்தாள். பாப்பாயிதான் முதலில் பார்த்தாள். ஓடி வந்து ஏணியின் மறுமுனையைப் பிடித்தாள். அப்புறம் நாலைந்து பேர் வந்தார்கள். பாப்பாயி சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மேலே ஏறினாள். பலகை உயரத்துக்குப் போனதும் கீழே பார்த்துவிட்டு ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அடி ஆத்தா, இத்தன ஒசரத்துக்கா எம்புனாரு மனுசன்?" என்றாள். அதைக் கேட்டதும் பூவாத்தாளுக்கு அன்று முதல்முறையாகக் கண்ணில் நீர் வந்தது. தலை குனிந்தால் விழுந்துவிடும் என்று நிமிர்ந்து போல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வாட்ச்மேன் ஓடிவந்தான். யாரைக் கேட்டு எடுக்கிறீர்கள் என்று கத்தினான். செத்தவருக்குப் பெட்டி பத்தவில்லை, அதனால் எடுத்துப் போகிறேன், நாளைக்கு யார் கேட்டாலும் பூவாத்தாள் எடுத்தாள் என்று சொல்லு என்றாள் அவள். எந்த ஒளிவு மறைவும் இல்லாமல் பேரைச் சொல்லித் திருடுகிறவளை என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். ஆறு பெண்கள் சும்மாடு வைத்துப் பலகையைத் தலையில் தூக்கிக் குளத்தங்கரை வழியாக நடந்தார்கள். கழற்றிய இரும்பு வளையத்தைப் பூவாத்தாள் தோளில் மாட்டிக்கொண்டாள்.

வீட்டில் மாசாணம் வைத்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தான். பலகையைத் துடைத்து, பாயை விரித்து, சின்னானை எடுத்து வைத்தார்கள். எங்கும் இடிக்காமல், எதையும் அழுத்தாமல், நீட்டி நிமிர்ந்து படுத்தான். மூன்று அங்குலம் மட்டும் பத்தவில்லை. குதிகால்கள் ரெண்டும் பலகைக்கு வெளியே நின்றன. யாரோ ஒரு சேலையைச் சுற்றி மூடப் போனார்கள். இருக்கட்டும் என்று தடுத்துவிட்டாள் பூவாத்தாள். அவன் சொன்னது சரியாகப் போய்விட்டதில் அவளுக்கு ஒரு திருப்தி.

உபதேசியார் பலகையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். இதுவும் பாடை மாதிரிதானே என்று இழுத்தார். உங்கள் பெட்டியும் பலகைதானுங்க, இது கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான் என்றாள் அவள். அவர் யோசித்துவிட்டு, வேதபுஸ்தகத்தில் பெட்டியின் அளவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டார். கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

அப்போதுதான் அடுத்த சங்கடம் வந்தது. வளவிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு இட்டேரி வழியாகத்தான் போவார்கள். ரெண்டு பக்கமும் கள்ளி வேலி அடைத்த சந்து அது. பெட்டியை முன்னே ரெண்டு பேர், பின்னே ரெண்டு பேர் ஒட்டி நடந்து கொண்டுபோகலாம். நாலடி அகலப் பலகையும் அதைத் தூக்குகிற ஆட்களும் அதற்குள் நுழைய முடியாது. ஒருத்தர் குச்சியால் அளந்து பார்த்துவிட்டு வந்து கையை விரித்தார். குளத்தங்கரைப் பாதை மில் பக்கம் போகுமே தவிரக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகாது, மிச்சம் இருந்தது வண்டித்தடம் ஒன்றுதான். அது பண்ணாடி ஈஸ்வரமூர்த்தியின் வாசல் வழியாகப் போகிறது.

அந்த வாசலைத் தாண்டுகிறபோது வளவு ஜனம் தோள்துண்டை இடுப்பில் கட்டி, செருப்பைக் கையில் எடுத்து, முதுகைத் தாழ்த்திப் போக வேண்டும். எழுதி ஒட்டியிருக்கவில்லை. எழுதாததால்தான் அதை மீற முடியாது. சின்னான் மில்லில் சேர்ந்த வருஷம், அவன் எத்தனை ஒசரம் வளர்ந்தாலும் என் வாசலில் குனிந்துதான் போகவேண்டும் என்று பண்ணாடி ஊரறியச் சொன்னார். அன்றையிலிருந்து சின்னான் அந்தப் பக்கம் போனதே இல்லை. மில்லுக்கு, சந்தைக்கு, ரயிலுக்கு எல்லாவற்றுக்கும் குளத்தங்கரை சுற்றி ஒரு மைல் கூட நடந்தான். முழங்கால் போன பிறகும் அந்தக் காலை இழுத்துக்கொண்டு சுற்றித்தான் போனான்.

மாசாணம் தரையில் உட்கார்ந்துவிட்டான். துண்டு கையில் சுருண்டிருந்தது.

"அந்த வழி வேண்டாம் அம்மணி," என்றான். "நாளைக்கு நான் அங்கதான் போயிக் கவலை ஓட்டோணும். அவரு கண்ணு முன்னால நிமிந்து போனேன்னா அப்பறம் நான் எங்க போவேன்? பெட்டியிலயே வெச்சிரலாம். தம்பி ஒண்ணும் நெனைக்க மாட்டான்."

பூவாத்தாளுக்கு அவன் மேல் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே வடிந்தும் போனது. ஐம்பது வயது ஆள். முதுகு ஏற்கெனவே பாதி வளைந்துவிட்டது. அவன் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"அவரு எதுக்குச் சுத்திப் போனாருன்னு நெனைக்கறீங் மாமா?" என்றாள். "பண்ணாடிக்குப் பயந்தா? நிமிந்து போனா அவரோட கோவம் உங்க மேல விழும்னுதான். எட்டு வருசம் உங்களுக்காகத்தான் சுத்துனாரு. இன்னைக்கு அவரு சுத்த முடியாதுங்."

வெளியே ஜனங்கள் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். கோயில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பூவாத்தாள் எழுந்து, தூக்க ஐந்து பேர் இருக்கிறார்கள், ஆறாவது ஆள் இல்லையென்றால் நான் தூக்குகிறேன் என்று உபதேசியாரிடம் சொன்னாள். சும்மா சொல்லவில்லை. பலகையின் முன்மூலைக்குப் போய்க் குனிந்து கையை வைத்தாள்.

யாரோ அவள் கையை விலக்கினார்கள். மாசாணம். துண்டை நாலாக மடித்து வலது தோளில் வைத்து, அதன்மேல் பலகையின் மூலையை வாங்கிக்கொண்டான். தம்பியின் குதிகால்கள் அவன் காதுக்குப் பக்கத்தில் இருந்தன.

உபதேசியார் புஸ்தகத்தோடு முன்னால் நடந்தார். ஆறு பேர் தூக்கினார்கள். ரீலிங் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வீட்டுக்குக்கூடப் போகாமல் பஞ்சு ஒட்டிய தலையோடு பின்னால் வந்தார்கள். பூவாத்தாள் வளையத்தைத் தோளில் மாட்டியபடியே மாசாணத்துக்குப் பக்கவாட்டில் ஒரு எட்டு தள்ளி நடந்தாள். உச்சி வெயில். வண்டித்தடத்துப் புழுதி கொதித்தது. பாட்டு ஒன்றை ஆரம்பித்தார் உபதேசியார். பண்ணாடியின் வேப்பமரம் கண்ணுக்குத் தெரிந்ததும் ஆண்கள் குரல் தானாக இறங்கியது. பாப்பாயி மட்டும் விடாமல் பாடினாள். அவள் வேதத்தில் சேர்ந்தவள்கூட இல்லை.

பண்ணாடி வேப்பமரத்து நிழலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்து தடத்தின் ஓரத்துக்கே வந்துவிட்டார். கத்தவில்லை, தடுக்கவில்லை. பலகையில் நீட்டிப் படுத்திருக்கிறவனைப் பார்க்க அவர் தலையை நிமிர்த்த வேண்டியிருந்தது. அப்புறம் அவர் கண் இறங்கி மாசாணத்தின் மேல் வந்து நின்றது.

மாசாணத்தின் நடை தடுமாறியது. பலகை ஒரு இம்மி அந்தப் பக்கம் சாய்ந்தது. மற்ற ஐந்து பேரும் தோளை இறுக்கினார்கள். பூவாத்தாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாசாணத்தின் வெறுங்கை மெல்ல மேலே போயிற்று. முப்பது வருஷமாக அந்த இடம் வந்ததும் தானாகப் போகிற கை. தோளுக்குப் போய்த் துண்டின் நுனியைத் தொட்டது, பிடித்தது, இழுத்தது.

துண்டு வரவில்லை. அதன்மேல் பலகை இருந்தது. பலகையின் மேல் சின்னான் இருந்தான்.

கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு துண்டை விட்டுவிட்டு, பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. சாய்ந்த பலகை மட்டத்துக்கு வந்தது. மாசாணம் முதுகை நிமிர்த்தி ஒரு எட்டு வைத்தான். அடுத்த எட்டு வைத்தான். வேப்பமரம் பின்னால் போய், கல்லறைத் தோட்டத்துச் சுவர் தெரிகிறவரைக்கும் அந்தத் துண்டு அவன் தோளிலேயே இருந்தது.